பதிவேட்டில் விடுபட்ட வரி

தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு வெடிச்சத்தம் கேட்டால் நம் வீடுகளில் யாரும் திடுக்கிடுவதில்லை. "எந்த வீட்டுப் பிள்ளைக்கோ பொறுக்கவில்லை; இன்றைக்கே ஆரம்பித்துவிட்டான்!" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொள்வோம். ஆனால் 2022ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி கோயம்புத்தூர் உக்கடத்தில், கோட்டை ஈசுவரன் கோயிலுக்கு முன்னால் கேட்ட சத்தம் அப்படிப்பட்டதன்று. எரிவாயு உருளைகளை ஏற்றிவந்த ஒரு மோட்டார் கார் வெடித்து, அதை ஓட்டிவந்த இளைஞர் அங்கேயே மாண்டார். தெருவில் அந்நேரம் ஜனநடமாட்டம் இல்லாதது ஊர் செய்த புண்ணியம். பிறகு போலீஸார் அவருடைய வீட்டைச் சோதனை போட்டபோது சுமார் 75 கிலோ இரசாயனப் பொருள்கள் அகப்பட்டன. அவை என்ன தெரியுமா? வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், அலுமினியப் பொடி!

சிவகாசிப் பக்கத்தில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் இந்த நான்கு பெயர்களையும் மூச்சு விடாமல் சொல்லிவிடுவாள். வானம் பார்த்த அந்தக் கரிசல் பூமியில் மழைக்கு அடுத்தபடியாக மனிதர்களைக் காப்பாற்றுகிற பொருள்கள் அவை. மழையை விட நம்பிக்கையானவை என்று சொன்னாலும் தவறில்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். பின்னால் பட்டாசுத் தொழிலும் வேரூன்றி, இன்று இந்தியா முழுவதும் கொளுத்துகிற பட்டாசில் மிகப் பெரும் பகுதி சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்திலிருந்தே போகிறது. அங்கே மத்தாப்பாவதும், உக்கடத்தில் மனிதரைக் கொல்லப் புறப்பட்டதும் ஒரே சரக்குத்தான். சரக்கைத் தராசில் வைத்து நிறுத்துவிடலாம். அதை வாங்குகிறவனுடைய எண்ணத்தை எந்தத் தராசில் நிறுப்பது? சர்க்காரில் உளவுப் பிரிவுக்கும் பயங்கரவாதத் தடுப்புப் படைக்கும் தலைமை வகிக்கும் உத்தியோகஸ்தருக்கு ஏற்பட்ட வேலை இதுதான்.

உக்கடத்துச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு விஷயம் வெளிவந்தது. இறந்துபோன இளைஞரைத் தேசியப் புலனாய்வு முகமையினர் 2019ஆம் ஆண்டிலேயே விசாரித்து அனுப்பியிருந்தார்கள். "பார்த்தீர்களா! கைக்குள் வந்தவனை விட்டுவிட்டார்கள்!" என்று எங்கும் கூக்குரல் எழுந்தது. மத்திய சர்க்கார் முன்னதாகவே எச்சரித்ததா, இல்லையா என்று வேறு பெரிய வாக்குவாதம். வந்தது பொதுவான சுற்றறிக்கைதான் என்று தமிழ்நாடு போலீஸார் பதில் சொன்னார்கள். இதில் நாம் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். விசாரிக்கப்பட்டவர்களை எல்லாம் சிறையில் அடைப்பதென்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும்? பாரதியார் புதுச்சேரியில் வசித்த காலத்தில் பிரிட்டிஷ் ஒற்றர்கள் அவரை ஓயாமல் கண்காணித்தார்கள். அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை அந்த ஒற்றர்களின் குறிப்புகளைக் கொண்டா நாம் தெரிந்துகொள்கிறோம்? இராப்பகலாகக் காவல் கிடப்பது வேறு, ஒருவனை அறிந்துகொள்வது வேறு.

விருதுநகர் வியாபாரிகள் இந்தச் சங்கடத்தை நன்றாக அறிவார்கள். துவரை, உளுந்து, மல்லி, வற்றல், எண்ணெய் முதலியவற்றுக்கு அவ்வூர் மார்க்கெட் நிலவரத்தைத் தமிழ்ப் பத்திரிகைகள் நெடுங்காலமாக வெளியிட்டு வருகின்றன. அந்த நிலவரத்துக்குப் பின்னால் எத்தனை காதுகள் வேலை செய்கின்றன! ஓர் ஊரில் மழை கெடுத்துவிட்டது என்று ஒரு செய்தி, இன்னோர் ஊரில் சரக்கைப் பதுக்கியிருக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. அத்தனையையும் நம்புகிற வியாபாரிக்கும் நஷ்டம்தான். ஒன்றையும் நம்பாதவருக்கும் நஷ்டம்தான். நூறு செய்திகளில் எந்த இரண்டின் பின்னால் ஆளை அனுப்புவது என்று தீர்மானிப்பதே முதலாளியின் சாமர்த்தியம். உளவுத் தலைவரின் நிலையும் இதுவே. ஆனால் வியாபாரி தப்புக் கணக்குப் போட்டால் பணம் போகும். இவர் தப்பாகக் கணித்தால், கோயம்புத்தூர் 1998ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி கண்டதுபோல், ஒரே நாளில் ஊர் சுடுகாடாகும். அன்றைய தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டார்கள்.

நிற்க. தீர்மானித்தால் மட்டும் போதாது; அதைச் சரியாக எழுதிவைக்கவும் வேண்டும். பட்டாசுத் தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. எவ்வளவு மருந்து வந்தது, எவ்வளவு கலந்தது, மீதி எவ்வளவு என்று கணக்கு வைக்க வேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரலாகாது என்பது பாலபாடம். அப்படியிருந்தும் 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் கருகின. ஆட்களும் சரக்கும் அளவுக்கு மீறியிருந்ததாக அப்போது பேசப்பட்டது. பதிவேட்டில் நான்கு பேர் இருப்பார்கள். அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது வெடித்த பிறகே தெரியவரும். பொய்யாக எழுதப்பட்ட வரியும், எழுதாமல் விட்ட வரியும் மருந்தைப் போலவே ஆளைக் கொல்லும்.

இது புலனாய்வுக்கும் பொருந்தும் என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. 1991 மே 21ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மூன்றே நாளில் சி.பி.ஐ.யின் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைமை டி. ஆர். கார்த்திகேயன். சென்னையில் "மல்லிகை" என்ற கட்டடத்தில் குழு வேலை செய்தது. பெயரில் இருந்த மணம் அங்கே அழைத்துச் செல்லப்பட்டவர்களுக்குத் தெரிந்திராது! வெடிப்பில் மாண்ட புகைப்படக்காரரின் காமிரா சேதமில்லாமல் கிடைத்தது. அதிலிருந்த படங்களைப் பிடித்துக்கொண்டு, நூலைப் பிடித்துக் கந்தலைப் பிரிப்பதுபோல் சதியைப் பிரித்தார்கள். மிகக் கெட்டிக்காரத்தனமான வேலை என்பதில் சந்தேகமில்லை.

ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் சிவராசன் ஒளிந்திருந்த வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். உடனே நுழையவில்லை. உள்ளே இருந்தவர்களோ கழுத்தில் சயனைடு கட்டியவர்கள். அவர்களை உயிரோடு பிடித்தால்தான் முழு உண்மையும் வெளிவரும். அதிரடிப் படைக்காகக் காத்திருந்தார்கள். 20ஆம் தேதி விடியற்காலையில் கதவை உடைத்து நுழைந்தபோது ஏழு பேரும் பிணமாகக் கிடந்தார்கள். காத்திருந்தது தவறு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இந்த அபிப்பிராயத்தை நான் முழுமனத்துடன் ஏற்கமாட்டேன். சாய்வு நாற்காலியிலிருந்து கதவை உடைப்பது சுலபம். நுழைந்திருந்தாலும் குப்பியைக் கடிக்க எத்தனை விநாடி வேண்டும்?

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். வெடிகுண்டுக்கு 9 வோல்ட் பாட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்று 19 வயதுப் பேரறிவாளன் கைது செய்யப்பட்டார். தடா சட்டப்படி, போலீஸ் கண்காணிப்பாளர் பதிவுசெய்யும் வாக்குமூலமே சாட்சியமாகும். 1998இல் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டில் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நால்வருக்குத் தூக்கு உறுதியாயிற்று. பேரறிவாளன் அந்த நால்வரில் ஒருவர். 2013இல், வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரி தியாகராஜன் ஒரு செய்தியை வெளியிட்டார். பாட்டரி எதற்காக என்று தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதாகவும், அந்த வாக்கியத்தைத் தாம் எழுதாமல் விட்டதாகவும் அவர் கூறினார். ஒரே ஒரு வாக்கியம்! தூக்கு 2014இல் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 2022 மே 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. விடுதலைக்குச் சட்டக் காரணம் வேறு. ஆனால் சுமார் 31 வருஷம் போய்விட்டது. அந்தத் தாயார் எத்தனை தீபாவளிகளைச் சிறை வாசலை நினைத்தபடி கழித்திருப்பார்! மறுபக்கத்தில், அன்றிரவு மாண்டவர்களின் குடும்பங்களுக்கும் தீபாவளி இல்லை என்பதை மறப்பதற்கில்லை. அவர்களுக்குச் சேரவேண்டிய நியாயமும் குறையில்லாத ஏட்டிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

எழுதாமல் விட்டவரைப் பார்த்தோம். எழுதியும் வெளியிடாதவர் ஒருவர் இருந்தார். சென்னையில் பிறந்த பி. ராமன், வெளிநாட்டு உளவுத் துறையான "ரா"வில் 1988 முதல் 1994 வரை பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். ஓய்வுபெற்றுச் சென்னைக்குத் திரும்பியபின் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார். 1993 பம்பாய்க் குண்டுவெடிப்பு வழக்கில் யாகூப் மேமனை நேபாளத்திலிருந்து கொண்டுவந்த காரியத்தை நடத்தியவர் அவரே. 2007இல் நீதிமன்றம் யாகூபுக்கு மரண தண்டனை விதித்தபோது ராமனின் மனச்சாட்சி அவரைக் குத்தியது. அவன் குற்றவாளிதான், ஆனால் பிடிபட்ட பிறகு புலனாய்வாளர்களுக்கு உதவினான். அது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டிருக்க வேண்டும். தூக்குக்குத் தகுந்த வழக்கன்று என்று ஒரு கட்டுரை எழுதினார். எழுதிவிட்டு, மற்றக் குற்றவாளிகளின் வழக்கு பலவீனப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, வெளியிட வேண்டாம் என்று பத்திரிகையைக் கேட்டுக்கொண்டார். 2013இல் அவர் காலமானார். 2015 ஜூலையில், தூக்குக்கு நாள் குறித்த பிறகு, அவருடைய சகோதரரின் சம்மதத்துடன் கட்டுரை வெளிவந்தது. தேசமே அதைப் படித்து விவாதித்தது. ஜூலை 30ஆம் தேதி காலை நாகபுரிச் சிறையில் யாகூப் தூக்கிலிடப்பட்டான்.