மனசு மட்டும் போதுமா?

சென்ற வாரம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் இரண்டு தடவை படித்தேன். மயிலாப்பூரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், போடவில்லை.

"என் பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். பி.காம். கிடைக்கும், கம்ப்யூட்டர் படிப்பும் கிடைக்கும். அவளோ, 'சமூகப் பணிதான் படிப்பேன்' என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஏழை எளியவருக்கு உதவி செய்ய ஒரு பட்டமா வேண்டும்? மனசு இருந்தால் போதாதா? அவள் அப்பா மூன்று நாளாக அவளோடு பேசவில்லை. நீங்களாவது நல்ல வார்த்தை சொல்லித் திருத்துங்கள்."

இதுதான் கடிதம். சகோதரி, மூன்று வருஷத்துக்கு முன்னால் நீங்கள் இதைக் கேட்டிருந்தால், "நீங்கள் சொல்வதுதான் சரி" என்று ஒரு வரியில் பதில் எழுதியிருப்பேன். இப்போது அப்படி எழுத முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்கு ஒரே பெண். எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. புதுப் பை, நோட்டுப் புத்தகங்கள், செருப்பு எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். தாயாரை உட்காரவைத்து அரை மணி நேரம் புத்திமதி சொன்னேன். பெண் பத்து நாள் போனாள்; பதினோராம் நாள் மறுபடி நின்றுவிட்டாள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டுமா? "இவர்களுக்கு எவ்வளவு செய்தாலும் இவ்வளவுதான்!" என்று அக்கம் பக்கத்திலெல்லாம் சொல்லித் தீர்த்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் சமூகப் பணி படிக்கும் மாணவி ஒருத்தி, வாரத்தில் இரண்டு நாள் அவர்கள் இருக்கும் பகுதிக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். சின்னப் பெண், இருபத்திரண்டு வயசு இருக்கும். முதல் மூன்று வாரம் அவள் ஒன்றுமே செய்யவில்லை. குழாயடியில் நின்று பேசினாள், திண்ணையில் உட்கார்ந்து கேட்டாள், அவ்வளவுதான். "இதற்கா ஒரு காலேஜ், இதற்கா ஒரு பட்டம்!" என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

நாலாம் வாரம் என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அம்மா, அந்தத் தாயாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் உங்களிடம் இதைச் சொல்ல வந்தேன். அவர்கள் வீட்டுப் பாட்டி பக்கவாதத்தில் படுத்திருக்கிறார்கள். அவர் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பினால் திரும்பப் பதினோரு மணி ஆகிறது. அதுவரை பாட்டியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அதனால்தான் பெண் நின்றுவிட்டாள். காலை ஆறு மணிக்கு அவர் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான்."

எனக்குச் சுருக்கென்றது. பை வாங்கிக் கொடுத்தேன், செருப்பு வாங்கிக் கொடுத்தேன். "ஏன் நின்றாள்?" என்று ஒரு தடவையாவது கேட்டேனா? அந்தக் காரணத்தில் பாதி என் வீட்டுச் சமையலறையில் இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்!

"வேறு ஏதாவது காரணமும் உண்டா?" என்று கேட்டேன். "இருக்கிறது அம்மா. ஆனால் அதைச் சொல்ல அவர்கள் எனக்கு அனுமதி கொடுக்கவில்லை" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்; ஆனால் சொல்லவே இல்லை. பிறர் வீட்டு விஷயத்தை இப்படிக் கட்டிக் காக்கிற சுபாவம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு, சொல்லுங்கள்!

பிறகு நடந்தவை எல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். நானும் இன்னொரு வீட்டாரும் வேலை நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டோம். காலையில் இரண்டு மணி நேரம் பாட்டியைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு அம்மாள் ஒப்புக்கொண்டார். தமிழ்நாட்டில் 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை கொடுப்பார்கள் என்பது அந்த மாணவிக்குத் தெரிந்திருந்தது. விண்ணப்பத்தை அவள் எழுதவில்லை. அந்தத் தாயாரையே எழுதவைத்தாள். "நாளைக்கு நான் இருக்கமாட்டேன் இல்லையா?" என்றாள். அந்தப் பெண் இப்போது பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். கணக்கில் மட்டும் இன்னும் தகராறுதான்!

ஆக, சகோதரி, மனசு கட்டாயம் வேண்டும். ஆனால் என்னிடம் அன்றைக்கு இருந்ததும் மனசுதான்! அந்த மாணவியிடம் மனசோடு படிப்பும் இருந்தது.

என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பிறகு அவளிடமே விசாரித்தேன். வகுப்பிலே மனித மனத்தைப் பற்றிப் படிக்கிறார்கள். சமுதாயத்தைப் பற்றிப் படிக்கிறார்கள். சட்டங்களையும் திட்டங்களையும் படிக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. ஆஸ்பத்திரி, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி என்று எங்காவது போகவேண்டும். திரும்பி வந்ததும் என்ன பார்த்தேன், என்ன பேசினேன், எங்கே தவறினேன் என்று எழுதவேண்டும். ஆசிரியர் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து அலசுவார். கிராமத்தில் முகாமும் உண்டு. 'பாவம்' என்று சொல்வதை விட்டு 'ஏன்' என்று கேட்கப் பழக்குவதற்குத்தான் இத்தனை பாடும்.

இங்கேதான் கலைப் படிப்பின் பெருமை தெரிகிறது. கடன் ஒரு குடும்பத்தை எப்படி விழுங்குகிறது என்பது பொருளாதாரம். ஒரு குடியிருப்பு எப்படி ஏற்பட்டது என்பது சரித்திரம். ஒருத்தி வாய் திறக்காமல் இருப்பதற்கு என்ன பொருள் என்பது மனோதத்துவம். இதெல்லாம் தெரியாமல் உதவி செய்யப் போவது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பது போலத்தான்.

ஆஸ்திரேலியாவில் சில சர்வகலாசாலைகள் இதை உணர்ந்து, கலைப் பட்டத்தையும் சமூகப் பணிப் பட்டத்தையும் ஒரே படிப்பாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஐந்து வருஷம், இரண்டு பட்டம், ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் களப்பணி. அதற்காகக் கப்பல் ஏறவேண்டுமா என்று பயப்படாதீர்கள். இங்கேயே மூன்று வருஷம் பி.ஏ. படித்துவிட்டு, இரண்டு வருஷம் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாம். கணக்குப் பார்த்தால் அங்கேயும் ஐந்து, இங்கேயும் ஐந்து! முதலிலேயே மூன்று வருஷ பி.எஸ்.டபிள்யூ.வில் சேருவதும் உண்டு.

இது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்றும் நினைக்கவேண்டாம். பால்ய விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911-ல் சென்னையில் பி.ஏ. பட்டம் பெற்றார்; பெற்ற கையோடு இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைக்கும் பணியில் இறங்கினார். பம்பாயில் டாட்டா சமூகப் பணிக் கல்லூரி தோன்றியது 1936-ல். 1952-ல் சென்னையில் சமூகப் பணிப் பள்ளியை ஏற்படுத்தியவர் மேரி கிளப்வாலா ஜாதவ் என்ற பெண்மணி. இளம் வயசிலேயே கணவரை இழந்து, பொதுத் தொண்டில் பல வருஷம் ஊறியவர். அப்படிப்பட்டவரே பயிற்சி வேண்டும் என்று ஒரு பள்ளி கண்டார் என்றால், மனசு மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

உத்தியோகம் கிடைக்குமா என்ற கவலை நியாயமானது. ஆஸ்பத்திரிகள், மனநல நிலையங்கள், பள்ளிகள், குழந்தைகள் காப்பகங்கள், தொண்டு நிறுவனங்கள், தொழிற்சாலைகள் என்று பல இடங்களில் ஆள் வேண்டியிருக்கிறது. 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டப்படி, சிறுவர்கள் வழக்கை விசாரிக்கும் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காரவேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் கம்ப்யூட்டர் கம்பெனியோடு போட்டி போடாது. பல வேலைகள் தாற்காலிகமானவை. ஒரு நாள் முழுதும் பிறர் துயரத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் பெண்ணுக்குச் சில ராத்திரிகளில் சாப்பாடு இறங்காது. அப்போது "இதற்குத்தானே ஆசைப்பட்டாய்?" என்று குத்திக் காட்டாமல், தட்டில் ஒரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காரும் தாயார் வேண்டும்.

ஆகையால், உங்கள் பெண்ணைத் திருத்தும் வேலையை நான் ஒப்புக்கொள்ளவில்லை, மன்னியுங்கள். அதற்குப் பதில் ஒரு யோசனை. இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் அவளையும் அவள் அப்பாவையும் கூடத்தில் உட்காரவையுங்கள். "கூடாது" என்றும் சொல்லவேண்டாம், "சரி" என்றும் சொல்லவேண்டாம். "உனக்கு ஏன் இதில் ஆசை வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை இருவரும் குறுக்கே பேசாமல் இருங்கள்.

அவள் படிக்கப்போகும் படிப்பின் முதல் பாடமே அதுதான். அதை அவளுக்கு முன்னால் நீங்கள் படித்துவிடலாமே!

என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு எழுதுவீர்களல்லவா? காத்திருக்கிறேன்.