தகுதித் தொகை வேறு, தாங்கும் தொகை வேறு

வீட்டுக் கடன் பிரிவில் அமர்ந்திருக்கும் அலுவலரிடம் வாடிக்கையாளர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எனக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?" மும்பையிலும் பெங்களூரிலும் பணிபுரிந்து, இப்போது சென்னையில் இருக்கும் எனக்கு இக்கேள்வி நன்கு பழகியது. "நான் எவ்வளவு கடன் வாங்கலாம்?" என்று கேட்டவர்கள் மிகச் சிலர். முதற் கேள்விக்கு விடையைச் சில நிமிடங்களில் எங்கள் கணினி சொல்லிவிடும். இரண்டாவதற்கு விடை காண வாடிக்கையாளரே தம் குடும்பக் கணக்கை விரித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தியவர்கள் ஓர் இளம் தம்பதியர். வீட்டுக் கடன் வட்டி மிகவும் குறைந்திருந்த 2021இல் இருவருடைய சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, தகுதியின் உச்சவரம்பு வரை கடன் பெற்றனர். ஆவணங்களில் ஒரு குறையும் இல்லை. பரிந்துரையில் கையொப்பமிட்டவன் நான். 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் உயரத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தை எட்டியது. தவணை கூடியது. அவ்வாண்டே மனைவியின் வேலை போயிற்று. சேமிப்பை எடுத்துச் சில மாதங்கள் சமாளித்தனர். பிறகு வீட்டை விற்றுக் கடனை அடைத்தனர். விற்ற விலை வாங்கிய விலைக்குக் குறைவில்லை. ஆனாலும் பதிவுச் செலவும் உள்வேலைகளுக்குச் செலவிட்டதும் கட்டிய வட்டியும் திரும்பி வரவில்லை. கணக்கை முடிக்க வந்த நாளில் அவர் கோபப்படவில்லை. "இவ்வளவு வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார்" என்றார். வங்கி விதிகளில் எதையும் நான் மீறியிருக்கவில்லை. ஆனாலும் அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. அன்று சொல்லத் தவறிய வார்த்தையை இங்கே சொல்ல முனைகிறேன்.

விலை அதிகமா என்பதை எதைக்கொண்டு அளப்பது?

வீட்டு விலை மிகையா, நியாயமா என்பதில் விற்பவர் ஒன்று சொல்வார். வாங்கத் தயங்கும் உறவினர் வேறொன்று சொல்வார். இருவரையும் விட நம்பத்தக்க ஓர் அளவுகோல் உண்டு. அதே வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்பதே அது. விலையில் எதிர்காலத்தைப் பற்றிய ஆசையும் கலந்திருக்கும். வாடகையோ, அவ்வீட்டில் இன்று குடியிருப்பதன் பயனுக்கு மக்கள் தம் சம்பளத்திலிருந்து கொடுக்க முன்வரும் தொகை.

நம் பெருநகரங்களில் அன்றாடம் காணக்கூடிய ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 80 லட்சம் ரூபாய் விலை கொண்ட அடுக்குமாடி வீடு. அதன் மாத வாடகை 20,000 ரூபாய். ஆண்டு வாடகை 2.40 லட்சம், அதாவது விலையில் 3 சதவீதம். இவ்வீட்டை வாங்க 80 சதவீதமான 64 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறக்குறைய 55,500 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டுமே 45,000 ரூபாயைத் தாண்டும். வாடகை வீண் செலவு, தவணை சேமிப்பு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். வட்டியும் வாடகையே, வீட்டுக்காரருக்குப் பதிலாக வங்கிக்குக் கொடுக்கிறோம். இந்த எடுத்துக்காட்டில் தொடக்க ஆண்டுகளில் வங்கிக்குக் கொடுக்கும் வாடகை, வீட்டுக்காரருக்குக் கொடுப்பதைப் போல் இரு மடங்கு.

கைப்பணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டு விலையில் வங்கி ஏற்கும் பங்குக்கு ரிசர்வ் வங்கி வரம்பு விதித்துள்ளது: 30 லட்சம் வரையான கடனுக்கு 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக இக்கணக்கில் சேரா. தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு இவை இரண்டும் சேர்ந்து பொதுவாக 9 சதவீதம் என்பதால், அத்தகைய 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 16 லட்சம் முன்பணத்தோடு மேலும் 7 லட்சத்திற்கு மேல் நம் கையிலிருந்தே போகும். அப்பணம் வைப்புத் தொகையாக இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வட்டி, பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி ஆகியவற்றையும் சேர்த்து, மிச்சமாகும் வாடகையைக் கழித்துப் பார்த்தால், முதலாண்டில் இவ்வீடு நட்டம் தராதிருக்க அதன் விலை சுமார் 6 சதவீதம் உயர்ந்தாக வேண்டும். சில பகுதிகளில் விலை அப்படி உயரும், சிலவற்றில் உயராது. நிலத்தின் மதிப்பு ஏறலாம். அதன்மேல் நிற்கும் கட்டடம் ஆண்டுதோறும் பழையதாகிறது.

வருமான வரிச் சலுகைக்காகவே வீடு வாங்குவோரும் உண்டு. சொந்தக் குடியிருப்புக்கான வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிக்கும் வசதி பழைய வரி முறையில் மட்டுமே உள்ளது. புதிய முறையைத் தேர்ந்தவருக்கு அது இல்லை.

வாங்கத் தூண்டும் அச்சம்

இக்கணக்கை விளக்கியதும் பலர் சொல்லும் மறுமொழி: "அதெல்லாம் சரி சார், ஆனால் வாடகை வீட்டில் நிம்மதி எங்கே இருக்கிறது?" இது புறந்தள்ளத்தக்க வாதம் அன்று. பதினொரு மாத ஒப்பந்தம், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் கூடும் வாடகை, பள்ளி ஆண்டின் நடுவே "மகன் வருகிறான், காலி செய்யுங்கள்" என்னும் அறிவிப்பு இவற்றையெல்லாம் நானும் மும்பையில் பட்டிருக்கிறேன். முன்பணமாக மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம் இரண்டு மாதம் என்கிறது. நடைமுறையில் பத்து மாதம் கேட்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை.

ஆகவே நம்மில் பலர் விலை நியாயம் என்று கருதி வாங்குவதில்லை. வாடகை வாழ்வுக்கு அஞ்சி வாங்குகிறோம். விற்பவரும் இதை அறிவார். மறுபுறம், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நகர்ப்புறங்களில் மட்டும் ஏறக்குறைய 1.11 கோடி வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. தங்கத்தைப் பெட்டகத்தில் வைப்பது போல வீட்டைப் பூட்டி வைக்கிறோம். 3 சதவீத வாடகைக்காகக் குடியிருப்பவரோடு யார் மல்லாடுவது என்பது உரிமையாளரின் எண்ணம். வீடு தேடுவோர் ஒருபுறமும் பூட்டிய வீடுகள் மறுபுறமும் இருக்கையில் விலை எளிதில் இறங்குவதில்லை. வாடகைச் சட்டங்கள் இரு தரப்பாரும் நம்பும்படி செயற்பட்டால், வீட்டு விலையில் கலந்திருக்கும் இந்த அச்சத்தின் பங்கு குறையும் என்பது என் கருத்து.

விலை குறைந்த இடத்தின் விலை

நகரின் நடுவே வாங்க இயலாதவர் புறநகர் நோக்கிச் செல்கிறார். மும்பையில் விராரும் கல்யாணும் இவ்வாறு வளர்ந்தவையே. இது தவறான முடிவு அன்று. ஆனால் ஓரிடத்தில் விலை குறைவு என்றால், அதற்கான காரணத்தைக் கேட்டறிய வேண்டும்.

முதற் காரணம் தொலைவு. அலுவலகம் சென்று வர நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஆகுமானால், மாதம் 25 நாளுக்கு 75 மணி நேரம் வழியிலேயே கழிகிறது. ரயிலில் சென்றால் பணச் செலவு சிறிது. இரண்டாவது வாகனம் வாங்க நேர்ந்தாலோ, விலையில் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதி எரிபொருளுக்கும் வாகனக் கடனுக்கும் போய்விடும். "மெட்ரோ வரப்போகிறது" என்னும் பேச்சுக்கு இன்றே விலை கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது காரணம் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் முடிச்சூரும் வேளச்சேரியும் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். 2024 கோடையில் பெங்களூரின் பல குடியிருப்புகள் டேங்கர் லாரியை எதிர்பார்த்துக் காத்திருந்தன. வீட்டை ஒரு முறை மழைக்காலத்திலும் ஒரு முறை கோடையிலும் போய்ப் பாருங்கள். எதிர்வீட்டாரிடம் "வெள்ளம் எதுவரை வந்தது, டேங்கர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது?" என்று கேளுங்கள். விற்பனை அலுவலகத்தின் வண்ணப் படங்களில் அவ்விவரம் இராது.

மூன்றாவது, பரப்பளவு. சதுர அடி விலையை 'சூப்பர் பில்ட்-அப்' கணக்கில் சொல்வதால், விலை குறைவாகத் தோன்றுவது உண்டு. சுவர்களுக்குள் நமக்கெனக் கிடைக்கும் கார்பெட் ஏரியாவைத் தெரிவிக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். மொத்த விலையை அப்பரப்பால் வகுத்த பிறகே இரண்டு வீடுகளை ஒப்பிட வேண்டும். பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்பதையும் கேட்டறிய வேண்டும்.

ஓராண்டு ஒத்திகை

இனி, எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு வருவோம். கையில் 1.12 லட்சம் ரூபாய் நிகர மாத வருமானம் உள்ளவருக்கு, அதில் பாதியைத் தவணையாகக் கொண்டு, மேற்சொன்ன 64 லட்சத்தையும் தகுதித் தொகையாகக் காட்ட முடியும். மீதிப் பாதியில் குடும்பம் நடக்க வேண்டும். பெற்றோரின் மருத்துவச் செலவும் பிள்ளைகளின் படிப்பும் அதிலேயே அடங்க வேண்டும். நான் சொல்வது மூன்றில் ஒரு பங்கு: ஏறக்குறைய 37,000 ரூபாய். அதே வட்டியில் இது சுமார் 42 லட்சம் கடனுக்கும் 53 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கும் பொருந்தும். ஓர் அறை குறையலாம். இரண்டு ரயில் நிலையங்கள் தள்ளிப் போகலாம். வட்டி உயர்ந்தாலும் உறக்கம் கெடாது.

வட்டி உயர்வு எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு கணக்கு: 50 லட்சத்தை 7 சதவீதத்தில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை ஏறக்குறைய 38,800 ரூபாய். அத்தொகைக்கே வட்டி 9.5 சதவீதமானால், ஒரு மாத வட்டி மட்டும் 39,500 ரூபாய்க்கு மேல். பழைய தவணை வட்டிக்கே போதாது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தெரிவு செய்யும் வாய்ப்பைக் கடன்தாரருக்கு அளிக்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. தெரிவு செய்யுமளவு வருமானத்தில் இடம் விட்டிருப்பவருக்கே அவ்வாய்ப்பு பயன்படும்.

வீடு தேடுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஓர் ஒத்திகை. எண்ணியிருக்கும் தவணையிலிருந்து இப்போதைய வாடகையைக் கழியுங்கள். தவணை 37,000, வாடகை 20,000 என்றால் மீதம் 17,000. அத்தொகைக்கு ஓராண்டுத் தொடர் வைப்பு தொடங்குங்கள். முடிந்தால், வாங்க எண்ணும் பகுதியிலேயே அவ்வாண்டு வாடகைக்குக் குடியிருந்து பாருங்கள். பண்டிகையும் பள்ளிக் கட்டணமும் வந்துபோன பின்னும் ஒரு மாதமும் தவறாமல் கட்டியிருந்தால், தவணை உங்களால் தாங்கக்கூடியதே. கையில் 2 லட்சத்திற்கு மேல் பதிவுச் செலவுக்கும் சேர்ந்திருக்கும். இடையில் நிறுத்த நேர்ந்தால், தொகையைக் குறைக்க வேண்டும் என்பது கடன் வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

வீடு வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணவரை இழந்த பள்ளி ஆசிரியை ஒருவர், இரு பிள்ளைகளோடு நான்கு ஆண்டுகளில் மூன்று வாடகை வீடு மாறியவர், தாம்பரத்திற்கு அப்பால் ஒரு சிறு வீட்டுக்கு எங்கள் கிளையில் கடன் பெற்றார். தகுதித் தொகையில் பாதிக்குச் சற்று மேல்தான் கேட்டார். "மேலும் கிடைக்குமே" என்று சொன்னதற்கு, "கிடைக்கும் சார், கட்ட வேண்டியவள் நான்தானே" என்றார். வாடகைக் கணக்கில் அவ்வீடும் இலாபம் தராதிருக்கலாம். பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்து முடிப்பதற்கு அவர் கொடுத்த விலை அது, தெரிந்தே கொடுத்தார், தவணை இதுவரை தவறவில்லை.

இப்போதெல்லாம் விண்ணப்பத்தோடு வருபவர்களிடம் தகுதித் தொகையைச் சொல்லிவிட்டு, இப்போது என்ன வாடகை கொடுக்கிறீர்கள் என்றும் கேட்கிறேன். சிலருக்கு அக்கேள்வி வியப்பளிக்கிறது. சிலர் கணக்குப் போட்டுப் பார்த்து, குறைந்த தொகைக்கு விண்ணப்பத்தை மாற்றித் தருகிறார்கள். அதனால் கிளையின் கடன் இலக்கு எட்டச் சற்றுத் தாமதமாகலாம். அதற்கு மேலாளரிடம் நான் விளக்கம் சொல்லிக்கொள்கிறேன்.