உரிமை கேட்க ஒரு துணை

நம் பங்குகளில் முன்னாள் படைவீரர் பலர் உளர். அவர்கள் மறைந்தபின் தனித்து வாழும் கைம்பெண்களும் உளர். இவர்களுள் சிலர் தமக்குரிய ஓய்வூதியத்தைக் கேட்டுப் பெறாமலே காலங்கழிக்கின்றனர். ‘அரசாங்கம் மனமிரங்கித் தந்தால் பெற்றுக்கொள்வோம்’ என்பது அவர்தம் எண்ணம். அது சரியன்று. ஓய்வூதியம் தருமமன்று, செய்த பணிக்குரிய உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 1982-ஆம் ஆண்டிலேயே நகாரா வழக்கில் தெளிவுறுத்தியுள்ளது.

உரிமை இருப்பினும் அதனைக் கேட்கும் முறை எளிதன்று. கணவரின் படை ஆவணத்தில் மனைவியின் பெயர் ‘மேரி’ என்றிருக்கும். ஆதார் அட்டையில் ‘ஆரோக்கிய மேரி’ என்றிருக்கும். இச்சிறு வேறுபாடே குடும்ப ஓய்வூதியத்தைத் தடுத்து நிறுத்திவிடக்கூடும்.

உடற்குறைக்கான ஓய்வூதியமோ இன்னும் சிக்கலானது. நோய் பணியினால் விளைந்ததன்று என ஒரு கடிதம் வந்ததும் பலர் சோர்ந்துவிடுகின்றனர். படையிற் சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படாதிருந்து, பின்னர் நோய் காரணமாக ஒருவர் விலக்கப்பட்டால், அந்நோய் பணியினால் விளைந்ததாகவே கருதப்படல் வேண்டும். அன்றென்போரே அதனை மெய்ப்பிக்க வேண்டும். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வாறு கூறியது. இதனை எடுத்துச் சொல்ல அருகில் ஒருவர் இல்லாமையாலேயே நியாயமான கோரிக்கைகள் மடிந்துபோகின்றன.

துணையை எங்கே தேடுவது? முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை நாடுங்கள். விண்ணப்பத்தைச் சரிபார்த்து, உரிய ஆவண அலுவலகத்துக்கு எழுதவும் அங்கே உதவுவர். மதராஸ் படைப்பிரிவினர்க்கு அவ்வாவண அலுவலகம் நீலகிரியின் வெலிங்டனில் உள்ளது. செல்லும்போது படைவிலகல் புத்தகம், ஓய்வூதிய ஆணை, வங்கிப் புத்தகம், ஆதார் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கைம்பெண்ணாயின் கணவரின் இறப்புச் சான்றும் திருமணச் சான்றும் தேவை. கோவிலில் மணமுடித்தோர் பங்கின் திருமணப் பதிவேட்டிலிருந்து நகல் பெற்றுக்கொள்ளலாம்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு. அதன்பின் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதன் அமர்வு ஒன்று சென்னையில் உள்ளது. வழக்கறிஞர்க்குப் பணமில்லையே என்று கைம்பெண்கள் கலங்க வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும், பெண்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியாக இலவசச் சட்ட உதவி பெறலாம். ஆனால் காலந்தாழ்த்தலாகாது. தாமதித்து வழக்கிடுவோர்க்கு நிலுவைத்தொகை பொதுவாக மூன்றாண்டுக்கு மட்டுமே என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்துள்ளது.

துணையென்று வருவோர் எல்லாரும் துணைவரல்லர். ‘வரும் தொகையில் பங்கு தாருங்கள்’ எனும் தரகரிடம் எச்சரிக்கை தேவை. வெற்றுத்தாளில் கையொப்பமிடாதீர்கள். மூல ஆவணங்களைக் கையளித்துவிடாமல் நகல்களையே கொடுங்கள். ஸ்பர்ஷ் இணையக் கணக்கின் கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணையும் எவர்க்கும் சொல்லாதீர்கள்.

பங்கிலுள்ள படித்த இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இத்தகைய முதியவர் ஒருவர் இருப்பின், ஒருநாள் அவருடன் அந்த அலுவலகத்திற்குச் சென்று வாருங்கள். படிவத்தைப் படித்துக் காட்டுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி அவர் கையில் கொடுங்கள். உங்களுக்கு அது அரைநாள் வேலை. அவர்க்கோ எஞ்சிய வாழ்நாளின் சோறு.