எண்ணெய் பரோட்டாவுக்கு மேப் வேண்டாம்... மூக்கு போதும்!

விருதுநகரில் நல்ல எண்ணெய் பரோட்டா எங்கே கிடைக்கும் என்று போனில் தேடினால், பர்மா கடை வந்து நிற்கும். தப்பே இல்லை. ஊர்ப் பெயரை வெளியூர் வரைக்கும் கொண்டுபோன கடை அது. ஆனால், உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு கடையைச் சொல்வார்கள். சில கடைகளுக்கு போர்டே இருக்காது. 'வேப்பமரத்துக்கு எதிர்த்தாப்புல', 'ரைஸ் மில்லைத் தாண்டி ரெண்டாவது சந்து' என்பதுதான் முகவரி.

இந்த வாரம் அந்த மாதிரிக் கடைகளைப் பற்றித்தான் பேசப்போகிறோம். நாலு பெஞ்ச், ஒரு கல், ஒரு மாஸ்டர். அவ்வளவுதான் கடை. ஆனால், ருசி?

முதலில், இது சாதா பரோட்டா இல்லை. மைதாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஊற வைத்து, உருண்டை பிடித்து, மறுபடியும் எண்ணெயில் ஊற விடுவார்கள். பிறகு அடித்து, வீசி, சுருட்டி, சின்னதாகத் தட்டிக் கல்லில் போடுவார்கள். இதுவரைக்கும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். விருதுநகர்க் கல் நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழியில் எண்ணெய் நிற்கும். அதில் மிதந்து, பொன்னிறமாகி, ஓரம் மொறுமொறு என்று ஆனதும் எடுத்து, எண்ணெயை வடிய விட்டு இலையில் வைப்பார்கள். 'பிச்சுப் போடவா?' என்று கேட்பார்கள். சரி என்று சொல்லிவிடுங்கள். உடைத்துப் போட்டு மேலே சால்னா ஊற்றினால், மொறுமொறுப்பும் ஈரமும் ஒரே வாயில் கிடைக்கும்.

இந்த ஊரில் ஏன் இது? எனக்குத் தோன்றுகிற காரணம் சிம்பிள். இது எண்ணெய் ஊர். எண்ணெய், பருப்பு, வத்தல், மல்லி எல்லாம் மூட்டை மூட்டையாகக் கைமாறுகிற சந்தை. 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று பேப்பரில் விலைப்பட்டியல் வருமே, அந்த விருதுநகர்தான். இதயம் நல்லெண்ணெய்க்கும் இதுதான் சொந்த ஊர். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, சாத்தூருக்குக் காராச்சேவு என்றால், எண்ணெய் விற்கிற ஊருக்கு எண்ணெயில் பொரித்த பரோட்டா பொருத்தம்தானே!

ஒரே பண்டத்தை தினமும் செய்கிற சின்னக் கடைக்கு ஒரு பலம் உண்டு. இஸ்தான்புல்லில் காலதா பாலத்துப் பக்கம் போனால், மீனைச் சுட்டு, வெங்காயத்தோடு ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பார்கள். நின்றுகொண்டே சாப்பிடுகிற சாப்பாடு. அதைச் சாப்பிடாமல் ஊர் திரும்பக் கூடாது என்பார்கள். மலேசியாவில் நம் பரோட்டாவே 'ரொட்டி சானாய்' ஆகிக் காலைச் சாப்பாடாகிவிட்டது. மெனு கார்டு நீளமாக இருக்கிற இடத்தில் கை நாலு பக்கம் ஓடும். ஒரே கல்லில் நிற்கிற மாஸ்டருக்கு, மாவைத் தொட்டாலே இன்னும் எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று தெரிந்துவிடும்.

சரி, போர்டு இல்லாத கடையில் நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மாவைப் பாருங்கள். மாஸ்டர் வீசும்போது அது கிழியாமல் துணி மாதிரி விரிய வேண்டும். மைதாவில் இருக்கும் பசைத்தன்மை ஊறினால்தான் தளரும். அவசரமாகப் பிசைந்து உடனே வீசினால் இழுத்துக்கொண்டு சுருங்கும். பரோட்டாவும் ரப்பராகிவிடும்.

அடுத்தது எண்ணெய். இதுதான் முக்கியம். பரோட்டா விழுந்ததும் 'சொய்ங்' என்று சத்தம் வர வேண்டும். சூடு பத்தாத எண்ணெய் என்றால், பரோட்டா அதைக் குடித்துவிடும். எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, காறல் வாடை அடித்தால் எழுந்து வந்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உடலுக்கு ஆகாத பொருள்கள் சேரும். அந்தக் கெட்டுப்போன பொருள்களின் அளவு 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. அதை அளக்கக் கருவி வேண்டும். நமக்கு மூக்கு போதும்.

மூன்றாவது, சால்னா. அது பரோட்டாவுக்குத் துணை இல்லை, பாதி ருசியே அதுதான். கெட்டியாகக் குழம்பு மாதிரி இருந்தால் மொறுமொறுப்பு போய்விடும். தண்ணியாக, மசாலா வாசத்தோடு, இலையில் ஓட வேண்டும். சுக்கா, கறி எல்லாம் அப்புறம். வெறும் சால்னாவோடு முதல் பரோட்டா காலியானால் அது நல்ல கடை.

நாலாவது, யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். மூட்டை தூக்குகிறவர்களும் லாரி டிரைவர்களும் பிள்ளைகளோடு வந்த குடும்பமும் ஒரே பெஞ்சில் இருந்தால் தயங்காமல் உட்காருங்கள். உழைத்துக் களைத்து வருகிறவர்கள் மோசமான சாப்பாட்டுக்கு இரண்டாவது தடவை காசு கொடுக்க மாட்டார்கள்.

சிவகாசிப் பக்கம் போனால் இது இன்னும் நன்றாகத் தெரியும். பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டி கூட எடுத்துப் போக முடியாது. பகல் வெளிச்சத்தோடு வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் பரோட்டாக் கடைகளில் அடுப்பு சூடாகும். கூலி வாங்கிய நாளில், வீட்டுக்குப் போகிற கையில் ஒரு பார்சல் தொங்கும். பிள்ளைகளுக்கு அதுதான் அந்த வாரத்தின் விசேஷம்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. அதையடுத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பட்டாசுப் புகை பற்றிய கவலை நியாயமானது. அதே நேரத்தில், கூலி நின்றால் ஒரு வீட்டில் முதலில் நிற்பது இந்தப் பார்சல்தான். அது நின்றால் மாஸ்டருக்கும், இலை கொண்டுவந்து போடுகிறவருக்கும், மாவு பிசைகிற பையனுக்கும் வேலை குறையும். பட்டாசுத் தொழிலை நம்பி இருப்பவர்கள் என்று கணக்கெடுக்கும்போது இவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

பார்சல் என்றதும் ஒரு விஷயம். எண்ணெய் பரோட்டாவை ஆப்பில் ஆர்டர் போட்டு வரவழைக்காதீர்கள். சூட்டோடு கட்டினால் ஆவி உள்ளேயே சுற்றி, பத்து நிமிஷத்தில் மொறுமொறுப்பு போய்விடும். வேறு வழியில்லை என்றால் சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் தோசைக்கல்லில், எண்ணெய் ஊற்றாமல் இரண்டு பக்கமும் ஒரு நிமிஷம் சூடு காட்டுங்கள். ஓரளவு உயிர் வரும்.

'மைதா, அதுவும் எண்ணெயில் பொரிச்சதா?' என்று வீட்டில் அம்மா கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. இது தினசரிச் சாப்பாடு இல்லை. சுகரும் கொழுப்பும் இருப்பவர்கள் ஒன்றோடு நிறுத்துவது நல்லது. மாதத்தில் ஒருநாள் சாப்பிடுகிறோம் என்றால், அந்த ஒருநாளை மோசமான எண்ணெயில் வீணடிக்காமல் இருக்கலாம் அல்லவா?

மதுரையிலிருந்து நெல்லைக்கு நாலுவழிச் சாலையில் போகிறவர்கள் விருதுநகரை ஓரமாகவே தாண்டிப் போய்விடுகிறோம். அடுத்த தடவை இருட்டுகிற நேரத்தில் அந்தப் பக்கம் போனால் வண்டியை ஊருக்குள் திருப்புங்கள். டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, 'அண்ணாச்சி, நீங்க எங்க சாப்பிடுவீங்க?' என்று கேளுங்கள். 'எந்தக் கடை நல்லா இருக்கும்?' என்று கேட்டால் பிரபலமான பெயர் வரும். 'நீங்க எங்க?' என்று கேட்டால்தான் அந்தச் சந்துக்கு வழி கிடைக்கும்.