அலுமாரிக்கு மேலே உறங்கும் ஸ்பீக்கர்கள்



வெளிநாட்டு உழைப்புக்குப் போன நம் வீட்டு ஆண்களும், ஏன், பணிப்பெண்களாகப் போன நம் சகோதரிகளும் விடுமுறையில் சுமந்துவந்த பொருட்களில் ஹோம் தியேட்டர் செற்றுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு பெரிய சப் வூபர், தட்டுப் போடும் டீவீடி பெட்டி. தட்டைப் படிக்கும் கண் பழுதானதும் செற் முழுவதும் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. பல வீடுகளில் இன்றும் அது அங்கேதான் தூசு படிந்து கிடக்கிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கடன்பட்டாவது ஒரு லெப்டொப் வாங்கிய குடும்பங்கள் பல. பிள்ளையின் வகுப்பும் அதிலேதான், உம்மா கேட்கும் பயானும் அதிலேதான். ஆனால் அதன் சத்தம் கொசுவின் ரீங்காரம். ஹட்டன் பக்கம் ஜூன், ஜூலையில் தகரக் கூரையில் மழை கொட்டும்போது அந்த ரீங்காரமும் கேட்பதில்லை. வயதான வாப்பும்மா பக்கத்தில் உட்கார்ந்து வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். புதிய ஸ்பீக்கர் வாங்கலாம் என்றால், 2022இன் நெருக்கடிக்குப் பிறகு விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது. மேலே கிடப்பதைக் கீழே இறக்கினால் என்ன?

இறக்கியதும் அவசரப்பட்டு மின்சாரத்தில் சொருகிவிடாதீர்கள்! முதலில் பெட்டியின் பின்புறம் வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். சவூதியில் நீண்ட காலம் வீடுகளுக்கு 127 வோல்ட் மின்சாரமே வந்தது. நமது மின்சாரம் 230 வோல்ட். அங்கிருந்து வந்த சில செற்களில் 110, 220 என்று நகர்த்தும் சிறிய சுவிட்ச் இருக்கும். அது 110இல் நின்றால், பிளக்கைத் தொடுவதற்கு முன்பே 220க்கு மாற்ற வேண்டும். சுவிட்ச் இல்லாமல் 110 என்று மட்டும் எழுதியிருந்தால் நேரடியாகக் கொடுக்கவே கூடாது. ஒரு நொடியில் புகைந்துவிடும்.

அடுத்தது நம் மலைநாட்டின் ஈரம். நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கும் ஊரில் பூசணம் பிடிக்காத பொருள் எது? ஸ்பீக்கரின் முன் மூடியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். அது ஸ்பொஞ்சாக இருந்து, பிஸ்கட் போல உதிர்ந்தால் அந்த ஸ்பீக்கரின் காலம் முடிந்தது. ரப்பராக இருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும். பூசணத்தைக் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள், ஈரத் துணி வேண்டாம். ஒரு நாள் வெயில் காட்டிவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பற்றரி ஒன்றை எடுத்து, பெட்டியிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் வயரின் இரு முனைகளிலும் ஒரு கணம் தொடுங்கள். ‘டக்’ என்று சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது. பற்றரியின் கூட்டல் முனை தொட்ட வயர்தான் கூட்டல் வயர் என்றால், கூம்பு வெளிப்பக்கமாக அசையும். நிறம் மங்கிய வயர்களுக்கு இது நல்ல அடையாளம். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றை மட்டும் மாறிக் கொடுத்தால் குரல் கலைந்து, மெலிந்து கேட்கும்.

டீவீடியின் கண்தான் போயிருக்கிறது, பெட்டிக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றால் வேலை மிகச் சுலபம். பின்புறத்தில் சிவப்பு, வெள்ளை நிறங்களில் இரண்டு துளைகள் இருக்கும். பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘ஆக்ஸ் இன்’ அல்லது ‘லைன் இன்’ என்றிருக்க வேண்டும். ‘அவுட்’ என்றிருப்பது வேறு, அதைத் தொடாதீர்கள். ஒரு முனையில் ஹெட்போன் பின்னும், மறுமுனையில் சிவப்பு, வெள்ளைப் பின்களும் உள்ள கேபிள் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும். ஹெட்போன் பின்னை லெப்டொப்பில் ஹெட்போன் துளையிலும், மேசைக் கணினியானால் பச்சைத் துளையிலும் சொருகுங்கள். இளஞ்சிவப்பு மைக்குக்கு உரியது. பிறகு பெட்டியில் ஆக்ஸைத் தெரிவு செய்தால் போதும். ஐந்தில் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பேசினால் பழுது என்று நினைக்க வேண்டாம். இந்தக் கேபிளில் இடம், வலம் என்று இரண்டு பாதைகளே இருக்கின்றன. குரல் கேட்க அது தாராளம்.

‘இதெல்லாம் ஆண்களின் வேலை’ என்று யாராவது சொன்னால் ஒன்றைச் சொல்லுங்கள். அந்த ஹெட்போன் பின்னின் மூதாதை தொலைபேசி நிலையங்களில் இணைப்புக் கொடுக்கப் பயன்பட்ட பின். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண் 1878இல் அந்த வேலையில் சேர்ந்தார். அதன் பிறகு உலகெங்கும் அந்தப் பின்களைச் சொருகியவர்கள் பெரும்பாலும் பெண்களே!

பெட்டியே செத்துவிட்டதா? ஸ்பீக்கர் வயரை நேராகக் கணினியில் கொடுத்தால் சத்தம் முணுமுணுப்பாகத்தான் வரும். இடையில் ஒரு அம்ப்ளிபயர் வேண்டும். உள்ளங்கை அளவு சின்ன அம்ப்ளிபயர் பலகைகள் இப்போது கிடைக்கின்றன. டிபிஏ 3116 என்ற சில்லுப் போட்டது இரண்டு ஸ்பீக்கருக்கு நன்றாகப் போதும். 12 முதல் 24 வோல்ட் வரை அதற்கு ஏற்றது, எனவே பழைய லெப்டொப்பின் 19 வோல்ட் சார்ஜரே உதவும். ஸ்பீக்கரின் முதுகில் 4, 6, 8 ஓம் என்று ஏதாவது எழுதியிருக்கும். 4க்குக் குறைந்தால் திருத்துபவரிடம் கேட்டுவிட்டு இணையுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களின் கறுப்பு வயர்களையும் ஒன்றாக முறுக்கவும் கூடாது, இந்த வகைப் பலகை அதனால் எரிந்துவிடும். செத்த பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் சார்ஜர் வழியாக வருகிறது. இரண்டையும் ஒரே பிளக் பேஸில் சொருகினாலே பல வேளை குறைந்துவிடும்.

ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பிள்ளை கிராஅத் வகுப்புக் கேட்கும்போது சப் வூபரின் முழக்கத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள். ‘ஸீன்’ எழுத்தையும் நாவை நீட்டி உச்சரிக்கும் ‘ஸா’வையும் பிரித்துக் காட்டுவது மெல்லிய, கூரிய ஒலி. முழக்கம் அதை மூடிவிட்டால், பிள்ளை தவறாகக் கேட்டு, தவறாகவே மனனம் செய்துவிடும். அதைத் திருத்துவது பின்னர் பெரும் பாடு. பிள்ளை ஓதும் முறை வரும்போது ஸ்பீக்கரைக் குறைத்து ஹெட்போனைக் கொடுங்கள். இல்லையேல் உஸ்தாதின் குரலே மைக் வழியாக அவருக்குத் திரும்பிப் போகும். புளூடூத் கருவியில் சத்தம் சற்றுப் பிந்தி வருவதால் வகுப்புக்குக் கேபிளே மேல்.

லயன் வீடானால், அடுத்த வீட்டோடு சேர்ந்த சுவரில் ஸ்பீக்கரைச் சாய்க்காதீர்கள். சப் வூபருக்கு அடியில் மடித்த பழைய போர்வை ஒன்றைப் போடுங்கள். வெலிகம பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழக்கில் 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை என்று வரையறுத்த நேரத்தை வீட்டுக்குள்ளும் கடைப்பிடித்தால் அண்டை வீட்டார் நிம்மதியாக உறங்குவார்கள்.

இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பாவிக்காத மூன்று சின்ன ஸ்பீக்கர்களையும் எறிய வேண்டாம். வயரைச் சுற்றி, துணியில் கட்டி, அடுப்படிப் பக்கம் உலர்ந்த இடமாகப் பார்த்து வையுங்கள். முன்னால் உள்ளது ஒன்று பழுதானால் அதே ஓமில் மாற்று கையிலேயே இருக்கும்.