நிரல் கற்போருக்குச் சந்தை நல்ல ஆசிரியர் அல்ல

பொறியியல், பொருளியல், புள்ளியியல் மாணவர்களிடையே பைத்தான் கற்கும் ஆர்வம் பெருகியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆயினும் அவ்வார்வத்தின் பின்னே பல வேளைகளில் ஒரு நம்பிக்கை நிற்கிறது. சில வாரங்கள் நிரல் எழுதப் பழகிவிட்டால், கணினி தானாகவே பங்குகளை வாங்கி விற்றுப் பணம் ஈட்டித் தரும் என்பதே அந்நம்பிக்கை. தரகு நிறுவனங்கள் வழங்கும் ஏ.பி.ஐ. வசதியும், இலவசக் காணொளிகளும், கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அதை நாள்தோறும் வளர்க்கின்றன. நிரலாக்கத்தைச் சந்தையிலிருந்து தொடங்குவதால் கேடு விளைவது பணத்துக்கு மட்டும் அன்று; கல்விக்கும்தான்.

பணத்தின் கணக்கைச் செபியே சொல்லியிருக்கிறது. 2024 செப்டம்பரில் அது வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழப்பையே கண்டனர். அவர்களது மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. 2023-24இல் அயல்நாட்டு முதலீட்டாளர்கள் ஈட்டிய லாபத்தில் 97 விழுக்காடும், சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்களின் லாபத்தில் 96 விழுக்காடும் அல்கோ வணிகத்தின் வழியே வந்தவை. நிரல் கற்றால் லாபம் வரும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உளர். உண்மையில் இப்புள்ளிவிவரம், விடுதி அறையில் மடிக்கணினியுடன் அமர்ந்திருக்கும் மாணவருக்கு எதிரே நிற்பவர் யார் என்பதையே சொல்கிறது.

கல்விக்கு நேரும் கேடு இதைவிட நுட்பமானது. தவறு செய்தவுடன் அது தவறு என்று தெரிய வேண்டும். அப்போதுதான் கற்றல் நிகழும். ஒரு துறையின் பன்னிரண்டு மாத வருகைப்பதிவு எக்செல் கோப்புகளை ஒன்றிணைக்கும் சிறு நிரலை ஒரு மாணவர் எழுதுகிறார் என்று கொள்வோம். மொத்தம் பிசகினால், ஒரு மாதக் கோப்பைக் கையால் கூட்டிப் பார்த்தே பிழையைப் பிடித்துவிடலாம். சந்தையில் அப்படி இல்லை. சரியாக எழுதிய நிரல் பணத்தை இழக்கலாம்; பிழையான நிரல் விலை ஏறும் வாரத்தில் லாபம் தரலாம். லாபம் கண்டவர் தம் பிழையைத் திறமை என்று எண்ணிக்கொள்கிறார். இவ்வாறு கற்ற பாடத்தைப் பின்னர் மறக்கச் செய்வது கடினம்.

தரவிலும் பொறிகள் உண்டு. ரிலையன்ஸ் நிறுவனம் ஒன்றுக்கு ஒன்று என போனஸ் பங்கு அளித்ததால், 2024 அக்டோபர் 28 அன்று அதன் பங்கு விலை முந்தைய நாளின் பாதியாகத் தெரிந்தது. இதை அறியாத நிரல் ஒரே நாளில் ஐம்பது விழுக்காடு வீழ்ச்சி என்று கணக்கிடும். இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்து 2008 வரை பின்னோக்கிச் சோதிப்பவர், அப்போது அப்பட்டியலில் இருந்து பின்னர் சரிந்த சத்யம் போன்றவற்றைத் தம்மையறியாமலே விலக்கிவிடுகிறார். பிழைத்தவர்களை மட்டும் வைத்துச் செய்த சோதனை பெரும்பாலும் லாபத்தை மிகைப்படுத்தியே காட்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. ஐந்து விழுக்காடு பிழை வாய்ப்போடு, ஒன்றையொன்று சாராத இருபது பயனற்ற உத்திகளைச் சோதித்தால், அவற்றுள் ஒன்றேனும் தற்செயலாக வெற்றிபோலத் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. ஆய்வேட்டில் வேண்டிய முடிவு கிடைக்கும்வரை மாறிகளை மாற்றிக்கொண்டே இருப்பதும், பழைய விலைகளில் லாபம் தெரியும்வரை உத்தியைத் திருத்திக்கொண்டே இருப்பதும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள். முதலாவதை நெறியாளர் தடுக்கலாம். இரண்டாவதைத் தடுக்க விடுதி அறையில் எவரும் இல்லை.

ஆர்வம் இருக்குமிடத்தில்தான் படிப்பு ஏறும். அட்டவணைகளைச் சீர்செய்யச் சொன்னால் எந்த மாணவர் உட்காருவார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சட்டமும் கதவை அடைக்கவில்லை. 2025 பிப்ரவரி 4 அன்று செபி வெளியிட்ட சுற்றறிக்கை, தனிநபர் முதலீட்டாளர்கள் தாமே எழுதிய அல்கோவைப் பயன்படுத்த விதிமுறைகளோடு வழிவகுத்துள்ளது. எனவே சந்தைத் தரவை ஒதுக்கத் தேவையில்லை. தேசியப் பங்குச் சந்தை நாள்தோறும் வெளியிடும் விலைக் கோப்பைத் தரவிறக்கி, விடுபட்ட நாள்களைக் கண்டறிந்து, போனஸ் முதலியவற்றுக்கு விலையைத் திருத்தி, வரியும் தரகும் கழித்துக் கணக்கிடும் நிரல் மிகச் சிறந்த பயிற்சி. உண்மைப் பணத்தில் ஆணையிடும் வரியை மட்டும் இறுதிக்கு ஒத்திவைக்க வேண்டும்.

அன்றாட வேலைகளில் பழகும் சலிப்பூட்டும் ஒழுக்கமே பெரிய இடங்களிலும் காக்கிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனம் ஏறத்தாழ 45 நிமிடங்களில் 44 கோடி டாலர் அளவுக்கு இழந்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரலை நிறுவத் தவறியதால், கைவிடப்பட்டிருந்த பழைய நிரல் உயிர்பெற்று ஆணைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று சரிபார்ப்பது பழக்கத்தால் வருவது. ஆய்வுலகிலும் அப்படியே. ரைன்ஹார்ட், ரோகாஃப் ஆகியோரின் புகழ்பெற்ற கடன் ஆய்வில், ஒரு சராசரிக் கணக்கிலிருந்து ஐந்து நாடுகள் விடுபட்டிருந்ததை 2013இல் வெளிக்கொணர்ந்தவர் தாமஸ் ஹெர்ன்டன் என்னும் மாணவர். அவர்களது எக்செல் கோப்பு கைக்குக் கிடைத்ததால்தான் அது இயன்றது. ஒவ்வொரு படியையும் எழுத்தில் வைக்கும் நிரல் இத்தகைய சரிபார்ப்பை எவருக்கும் எளிதாக்கும்.

ஆய்வு முறையியல் தாளில் ஒரு பருவம் இதற்கு ஒதுக்கப்பட வேண்டும். கோப்புகளுக்குப் பெயரிடுதல், அட்டவணைகளை இணைத்தல், பழைய எழுத்துருத் தமிழை யூனிகோடுக்கு மாற்றுதல், பிழைப் பதிவேடு வைத்தல், பிறர் நிரலைப் படித்துக் குறை காணுதல் ஆகியவை அதில் இடம்பெறட்டும். செயற்கை நுண்ணறிவு நிரலை எழுதித் தரும் காலத்தில், வந்த விடை சரியா என்று சோதிக்கும் திறனே மாணவரிடம் எஞ்சும் முதல். உதவித்தொகையைத் தரகுக் கணக்கில் போடுமுன் அந்த முதலை அவர்கள் ஈட்டிக்கொள்ளத் துறைகள் வழிசெய்ய வேண்டும்.