நாற்காலி கிடைத்தது, சாவி போனது

தளவாய்புரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் நாங்க பஸ் ஏறுவது மதுரைக்கு, இல்லாட்டி திருநெல்வேலிக்கு. 2015-இல் வந்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்காக இரண்டு ஊரிலும் கம்பெனி தொடங்கினார்கள். பாதிப் பங்கு மாநில அரசுக்கு, பாதி மாநகராட்சிக்கு.

அதில் நாம் எங்கே?

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம் மாநகராட்சி மன்றத்தில் நமக்கு இடஒதுக்கீடு தந்தது. உள்ளாட்சி நாற்காலி சும்மா கிடைக்கவில்லை. அதில் உட்கார்ந்ததற்காகத்தான் 1997-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட வந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். அப்படிப்பட்ட நாற்காலியில் நம்மாள் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், பணமும் முடிவும் பக்கத்து அறைக்குப் போயாச்சு. அந்த அறைக்குப் பேர் கம்பெனி. அதன் இயக்குநர் குழுவில் நமக்கு இடஒதுக்கீடு கிடையாது, அதிகாரிகள் ராஜ்யம்.

கேட்டால் ‘நிர்வாகக் கலாச்சாரம்’ என்கிறார்கள். எதுய்யா கலாச்சாரம்? மேலே இங்கிலீஷில் தீர்மானம். கீழே குப்பை அள்ளுறதும் சாக்கடை குத்துறதும் அதே சேரிக் கை. துடைப்பத்தில் மட்டும் நமக்கு நூறு சதவீதம்!

திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்தது. அது காட்டிய வழி முடியவில்லை. தோழர்களே, நாளைக்குத் தண்ணிக்கும் குப்பைக்கும் கம்பெனி என்று வந்தால் முதலில் கேளுங்கள்: “போர்டுல எங்களுக்கு எத்தனை சீட்டு?”